ஆறு தரம் வந்த ஒரு பெயர்

பிள்ளைகளே, எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வந்து பேசுங்கள் என்று நீங்கள் கூப்பிட்டபோது மாட்டேன் என்றேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இந்தத் தாள்கள். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லியிருப்பேன். மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒபிஸ் என்கிற உங்கள் கந்தோரின் பொறுப்பாளர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தா. தாய்மார், பிள்ளைகள், தடுப்பூசி விபரங்களை எல்லாம் நீங்கள் இப்போது எவ்வளவு சுறுக்காகக் கணினியில் ஏற்றுகிறீர்கள் என்று சொன்னா. "ஒரே விபரம் ரெண்டு தரம் வந்தாலும் இப்ப பிரச்சினையில்ல மாமி. ஒரு வரி எழுதினாக் காணும், ஒண்ட வச்சிட்டு மத்ததெல்லாத்தையும் அது தூக்கிரும்" என்று சந்தோஷமாகச் சொன்னா. அவ போன பிறகு தாளும் பேனாவும் தேடி எடுத்தேன். அந்த ஒரு வரியை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் பெரிய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில், வாடகை வீடொன்றில் எங்கள் கந்தோர் இருந்தது. நாற்பது நாள் தாண்டுவதற்கு முன் எந்தத் தெருவில் அதிகம் பிள்ளைகள் இறந்துபோகிறார்கள் என்று கணக்கெடுப்பது அதன் வேலை. அதிகம் இறக்கிற தெருவுக்கு முதலில் ஒரு தாதியும் மருந்தும் வரும். குறைவான தெரு காத்திருக்க வேண்டும். இதற்காகப் பெண்கள் வீடு வீடாகப் போய் அட்டை எழுதிக்கொண்டு வருவார்கள். இறந்த பிள்ளை ஒன்றுக்கு ஓர் அட்டை. வீட்டு இலக்கம், தாயின் பெயர், பிள்ளையின் பெயர், எத்தனையாம் நாளில் போனது. அவ்வளவுதான். எந்த வருசம் என்ற கேள்வி அட்டையில் இல்லை. தாய்மாருக்கு வருசம் ஞாபகம் இருக்காது என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள்.

நான் அங்கே கூட்டிப் பெருக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் சேர்ந்தவள். அந்த நேரத்தில் கந்தோருக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். அதற்குப் பேசிக் என்றொரு மொழிதான் விளங்குமாம். அந்த மொழி தெரிந்த மகேந்திரன் என்ற பொடியனும் கூடவே வந்தார். விநாயகபுரத்து மீன்பிடிக் குடும்பம். கொழும்பில் படித்தவர். அட்டையையும் பார்த்துத் திரையையும் பார்த்துத் தட்டியதில் அவருக்குக் கண் வலி வந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆட்கள் அக்காவைச் சொல்கிற மாதிரி, ராத்தா என்றுதான் அவரும் என்னைச் சொல்வார்.

"ராத்தா, நீங்க இதுகள வாசிங்க, நான் தட்டுறன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி."

"சீனி சுத்தி வாற பேப்பர எழுத்துக் கூட்டி வாசிக்கிறத நான் பாத்திருக்கன். பொய் சொல்லாம இருங்க."

அன்றிலிருந்து நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வாங்குப் பலகையில் இருந்து வாசிப்பேன். முகம் பார்த்து வாசிக்க எனக்கு வெட்கம். அவர் அதற்குப் பழகிக்கொண்டார். "சுவருக்கு நல்லாக் கேட்டிட்டு ராத்தா, எனக்குத்தான் கேக்கல்ல" என்பார். நான் கொஞ்சம் சத்தம் கூட்டுவேன்.

அட்டைகள் முடிந்ததும் மகேந்திரன் கொம்பியூட்டரை எண்ணச் சொன்னார். வந்த தொகையைக் கேட்டு எங்கள் கந்தோர்ப் பெரியவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவரை நாங்கள் சேர் என்றுதான் சொல்வோம். சம்மாந்துறையில் பெரிய வயற்காரர் வீட்டு மகன். கோபக்காரர், ஆனால் கள்ளம் இல்லாதவர்.

"என்ன மகேந்திரன், ஊருல ஒரு புள்ளையும் மிஞ்சல்ல போல இரிக்கி."

"அப்படியில்ல சேர். பொம்பிளையள் மழைக்கு முன்னுக்கு ஒரு சுத்துப் போனவங்க, மழைக்குப் பொறகு மறுகா ஒரு சுத்துப் போனவங்க. முதல் சுத்தில எழுதின புள்ளைய ரெண்டாம் சுத்திலயும் எழுதியிருக்காங்க. ஒரு புள்ள ரெண்டு தரம் விழுந்திருக்கு."

"அப்ப என்ன செய்யிற?"

மகேந்திரன் சொன்ன விளக்கம் எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"எங்கட அப்பா கரைவலக்காரர் சேர். வல இழுத்தா மீன மணலில கொட்டுவாங்க. எத்தின சாதி மீன் பட்டிருக்கு எண்டு கேட்டா, ஒவ்வொரு சாதியிலயும் ஒண்ட எடுத்துப் பக்கத்தில வைப்பன். பாரை ஒண்டு, சூடை ஒண்டு, கீரி ஒண்டு. அடுத்த பாரை வந்தா, இது வச்சாச்சு எண்டு தள்ளிருவன். கடைசியில பக்கத்தில வச்சத எண்ணினாச் சரி. மெசினுக்கும் அதத்தான் எழுதப் போறன். வாறது புதுசா, வச்சதா? புதுசெண்டா வை. வச்சதெண்டா தள்ளு."

வீடு, தாய், பிள்ளை, நாள். இந்த நாலும் ஒன்றாக இருந்தால் அது ஒரே பிள்ளை. மற்ற அட்டையைத் தள்ளு. அப்படித்தான் எழுதினார். கொம்பியூட்டர் காலையில் தொடங்கி, கரண்ட் போய்ப் போய் வந்து, பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகுதான் முடித்தது. தொகை கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கியிருந்தது.

சேர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நானும் மனதுக்குள் சொன்னேன். குறைந்தது பிள்ளைகளின் சாவு அல்லவா. அந்தக் கணக்குப்படி எந்தத் தெருவுக்கு முதலில் தாதி போவது என்றும் எழுதியாகிவிட்டது. கல்முனைக்குடியில் கடற்கரையோரமாக இருந்த ஒரு தெரு, காத்திருக்கிற தெருக்களோடு போய்ச் சேர்ந்தது. அறிக்கையைக் கொண்டுபோக வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வாகனம் வருவதாக இருந்தது.

மகேந்திரனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அடுத்த நாள் காலையிலும் கொம்பியூட்டர் முன்னால் இருந்தார்.

"முடிஞ்சுதானே தம்பி?" என்றேன்.

"எத்தின சாதி மீன் எண்டது ஒரு கேள்வி ராத்தா. ஒவ்வொரு சாதியிலயும் எத்தின எண்டது வேற கேள்வி. ரெண்டாவதக் கேக்காம முதலாவத நம்பேலாது. ரெண்டு சுத்துத்தானே போனவங்க? அப்ப ஒவ்வொரு பேரும் ஒரு தரம் வரணும், இல்லாட்டி ரெண்டு தரம் வரணும். அதுக்கு மேல வந்தா என்னமோ பிழை."

காகிதம் கீச்சுக் கீச்சென்று இறங்கியது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது வந்த தடவை. ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. இங்கும் அங்கும் ஒரு மூன்று. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப் போனபோது அவருடைய விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

மீரா முகைதீன். தாய் ஆசியா உம்மா. ஏழாம் நாள். பக்கத்தில் ஆறு.

அட்டைகளை எடுத்துப் பார்த்தார். முதற் சுற்றில் வேறொரு பெண் எழுதியது ஓர் அட்டை. மற்ற ஐந்தும் இரண்டாம் சுற்று. ஐந்திலும் கீழே ஒரே கையெழுத்து. சபியா.

சபியா எங்கள் கந்தோரில் நல்ல வேலைக்காரி. கணவன் மௌத்தான பிறகு இந்தச் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தாள். வாயும் பெரிது. சேரையே பகிடி பண்ணுவாள். எத்தனை அட்டை கொண்டு வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடர்ந்து கொடுப்பார்கள். அதனால் வீட்டுக்குப் போகாமலே அட்டை எழுதியவர்கள் முன்பு ஒன்றிரண்டு பேர் பிடிபட்டிருந்தார்கள். சேருக்கு அந்தக் கோபம் ஆறாமல் இருந்தது.

சபியாவைக் கூப்பிட்டார். ஐந்து அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இது என்ன?"

"நான் எழுதின அட்டை சேர்."

"அஞ்சும் ஒண்டுதானே?"

சபியா பார்த்தாள்.

"ஒரே வீடு, ஒரே உம்மா, ஒரே புள்ள, ஒரே நாள். அந்தப் புள்ள அஞ்சு தரம் மௌத்தானதா?"

"நான் அந்த ஊட்டுக்குப் போனன் சேர். அவ சொன்னத எழுதினன்."

"ஒரே புள்ளைய அஞ்சு தரம் எழுதச் சொன்னாவா?"

"அவ சொன்னத எழுதினன்."

"அப்ப என்ன நடந்த எண்டு சொல்லுங்க. நான் கேக்கன்."

"சொல்லேலா சேர். சத்தியம் பண்ணிக் குடுத்திரிக்கன்."

சேர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "சத்தியமாம். மகேந்திரன், மெசின்ல சத்தியத்துக்கு ஒரு இடம் வைங்க." பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

சபியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்தில் நின்ற மற்றப் பெண்களுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"எந்த மரத்துக்குக் கீழ இரிந்து எழுதின கா? நிழல் நல்லமா?" என்றாள் ஒருத்தி.

வேறு நாளென்றால் சபியா அவளை உரித்துவிட்டிருப்பாள். அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். அவள் பேசாமல் போனதைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன், பொய் எழுதியிருக்கிறாள் என்று. வாய்க்காரி ஒருத்தி வாயை மூடினால் நாம் எல்லோரும் அப்படித்தானே நினைப்போம்.

மகேந்திரன் சேரிடம் போனார்.

"சேர், அறிக்கை போக இன்னும் நாள் கிடக்கு. நான் ஒருக்கா அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"என்னத்துக்கு? உங்கட மெசின்தானே பிடிச்ச."

"மெசின் ஆறு எண்டுதான் சொன்னது சேர். பொய் எண்டு சொல்லல்ல. பொய் எண்டு சொன்னது நாங்க."

சேர் ஐந்து அட்டையையும் எடுத்து அவரிடம் நீட்டினார். "ஆம்பிள தனியப் போய் என்னெண்டு கேப்பீங்க? ராத்தாவக் கூட்டிக்குப் போங்க" என்றார். அவசரத்துக்கு நடுவில் அவர் அதைச் சொன்னாரே, அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன்.

அடுத்த நாள் லுஹர்த் தொழுகைக்கு முன் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். கடற்கரை மணல் தொடங்குகிற இடத்தில் சில்லுப் புதைந்தது. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பொய்யா இருந்தா நல்லம் ராத்தா. பொய்யெண்டா என்ட கணக்குச் சரி."

கிடுகு வேலி, உள்ளே சின்னக் கல்வீடு. மகேந்திரன் வேலிக் கடப்படியில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். ஆசியா உம்மா குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். எழும்பியபோதுதான் கண்டேன், அவளுக்கு வயிற்றில் ஆறேழு மாதம்.

எனக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அட்டை வாசிக்கிற மாதிரியே கேட்டுவிட்டேன்.

"மீரா முகைதீன் எண்ட புள்ளையப் பத்திக் கேக்க வந்த தங்கச்சி."

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"எந்த மீரா?"

எனக்கு விளங்கவில்லை. "உங்கட புள்ள" என்றேன்.

"ஓம். எந்தப் புள்ள?"

அவள் சட்டென்று வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"சபியாக்கிட்டச் சொன்னன்தானே, ஆருக்கும் சொல்லாதீங்க எண்டு. கலிமாச் சொல்லிச் சத்தியம் பண்ணினா."

"அவ சொல்லல்ல. சொல்லாததாலதான் வந்திரிக்கன். பொய் எழுதினதெண்டு அவட வேல போயிற்று. மூணு புள்ள வச்சிரிக்கா."

ஆசியா உம்மா வெளியே கடப்படியைப் பார்த்தாள். மகேந்திரன் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என்னைக் கையைப் பிடித்து உள் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் இருத்தினாள். இரண்டு கையும் வயிற்றை விட்டு எடுபடவில்லை. பிள்ளையின் காதைப் பொத்துகிற மாதிரி வைத்திருந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்.

கலியாணம் முடித்துக் கனகாலம் பிள்ளை தங்கவில்லையாம். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போய், ஆண் பிள்ளை கிடைத்தால் மீரா முகைதீன் என்று பெயர் வைப்பேன் என்று நிய்யத்து வைத்தாளாம். பிள்ளை கிடைத்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றைக்கே பிள்ளை பால் இழுக்கவில்லை. வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லு மாதிரி வளைந்தது. மஹ்ரிபுத் தொழுகைக்கு முன்னே போய்விட்டது.

"நிய்யத்து வச்ச பேர் இரிக்கிதானே. அத வேற புள்ளைக்குக் குடுக்கேலுமா? அடுத்தவனுக்கும் அதத்தான் வச்சன். அவனும் ஏழுல போனான்."

அடுத்தவனும். அதற்கடுத்தவனும்.

"பேர மாத்துங்க கா எண்டு எல்லாரும் சொன்னாங்க. மாத்தினா நிய்யத்து என்னாகும்? அல்லாஹ்வுக்கு என்ன சொல்ற?"

எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்த பெயரை விடாமல் வைக்கிற வீடுகள் இருந்தன. எனக்கும் அது தெரியாத விசயம் இல்லை. ஆனால் அட்டையை வாசிக்கிறபோது ஒரு பெயருக்குள் ஐந்து பிள்ளைகள் இருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

முதற் சுற்றில் வந்த பெண், பிள்ளை ஏதும் மௌத்தானதா என்று வாசலில் நின்று கேட்டாளாம். ஓம் என்றாளாம் இவள். பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டாளாம். சபியா மட்டும்தான் உள்ளே வந்து இருந்து, எத்தனை பிள்ளை என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை எழுதியிருக்கிறாள். வயிற்றிலிருக்கிற பிள்ளை, போனவர்களைப் பற்றிய கதையைக் கேட்கக் கூடாது என்று இவளுக்குப் பயம். கேட்டால் அதுவும் அவர்களோடு போய்விடுமாம். அதனால்தான் அந்தச் சத்தியம்.

"எல்லாரும் ஒரே மாதிரி எண்டு நினைக்காங்க" என்றாள். "ஒரே பேர்தானே எண்டு. மூத்தவன் அந்தப் பெரிய சூறாவளிக்கு முந்தின வரிசம். காது மடிஞ்சிரிக்கும், ஒரு பக்கம் மட்டும். அடுத்தவனுக்குப் பூனைக் கண். மூணாவது வந்தவன் அழவே இல்ல, சும்மா பாத்துக்கு இரிந்தான். நாலாவது மகன் என்ட விரலப் பிடிச்சா விடமாட்டான், மருத்துவிச்சிதான் விரிச்சு எடுத்த."

ஐந்தாவது பிள்ளையைப் பற்றியும் சொன்னாள்.

இந்த ஐந்து பேரையும் என் வாயால் வாசித்திருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். அட்டைகள் கலைந்து வெவ்வேறு நாளில் வெவ்வேறு கட்டுகளில் வந்ததால் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது மகேந்திரன் என் முகத்தைப் பார்த்தார்.

"பொய்தானே ராத்தா?"

விரித்த கையைக் காட்டினேன்.

"அஞ்சு அட்டை, அது தெரியும்" என்றார்.

"அட்டையில்ல தம்பி. புள்ள."

அவர் சைக்கிளை வேலியில் சாய்க்கப் போனார். அது வேலியில் நிற்காமல் மணலில் விழுந்தது. எடுக்கவில்லை. அப்படியே குந்திவிட்டார். எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"வச்சதெண்டா தள்ளு எண்டு நான்தான் எழுதினன். நாலு பேர ஒரு வரியில தள்ளிப்போட்டன்."

கந்தோருக்கு வந்ததும் சேருக்கு மகேந்திரன் சொல்லத் தொடங்கினார், முடியவில்லை. "ராத்தா, நீங்க சொல்லுங்க" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அன்றைக்கு என் சத்தம் எல்லோருக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழாம் நாளா? எல்லாம் ஏழாம் நாளா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

உடனே ஆஸ்பத்திரித் தாதி ஒருவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவ வந்து கேட்டுவிட்டு, கொப்பூழ்க்கொடியை எதால் வெட்டினார்கள் என்று விசாரித்தா. பாக்குவெட்டி என்று ஆசியா உம்மா பேச்சோடு பேச்சாக எனக்குச் சொல்லியிருந்தாள். வீட்டில் கிடக்கிற பழைய பாக்குவெட்டி.

"ஏற்பு வலி" என்றா தாதி. "வெட்டின காயத்தால கிருமி ஏறி வாறது. தாய்க்கு வயித்தில புள்ள இருக்கக்குள்ள ஊசி போட்டிருந்தாக் காணும். கத்தியக் கொதிக்க வச்சிருந்தாக் காணும்."

அன்றைக்கு நான் கேட்டதில் இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அடி. அந்தப் பெண் அல்லாஹ்வுக்கும் தனக்கும் நடுவில் என்னவோ தீராத கணக்கு இருக்கிறது என்று இத்தனை வருசம் நினைத்திருந்தாள். ஓர் ஊசி. கொஞ்சம் கொதித்த தண்ணி. அவ்வளவுதான்.

அறிக்கை வெள்ளிக்கிழமை போகவில்லை. சேர் கொழும்புக்குப் போன் எடுத்து, "எங்கட கணக்குப் பிழை. வாகனத்த அனுப்பாதீங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏச்சு விழுந்தது எங்களுக்கு வெளியே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம், பிழைதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகேந்திரன், கொம்பியூட்டர் தள்ளிவிட்ட அட்டைகளை எல்லாம் திரும்ப எடுத்தார். ஒரே சுற்றில் இரண்டு தரம் வந்த பெயர்களைத் தனியாகப் பிரித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போனது. சில வீடுகளில் உண்மையிலேயே ஒரு பிள்ளையைத் தவறி இரண்டு தரம் எழுதியிருந்தார்கள். வேறு சில வீடுகளில் இரண்டு பிள்ளைகள். அந்த வீடுகளிலிருந்து திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அந்தக் கடற்கரைத் தெரு, காத்திருக்கிற இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னுக்கு வந்தது.

சபியாவின் வீட்டுக்குச் சேர் தானே போனார். முற்றத்தில் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "நாளைக்கு வாங்க சபியா" என்றாராம்.

அடுத்த நாள் அவள் வந்தாள். முற்றத்தில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது சேரிடம் போனாள்.

"அட்டை கொஞ்சம் கூடத் தாங்க சேர். இண்டைக்கு நல்ல நிழலான மரமொண்டு பாத்து வச்சிரிக்கன்."

சேர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். முன்பு நிழலைப் பற்றிக் கேட்டவள் கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள்.

ஆசியா உம்மாவை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனது சபியாதான். பிள்ளை பிறக்கிற நாளில் தாதி போய் இருந்தா. ஏழாம் நாள் எங்கள் கந்தோரில் யாரும் வேலை செய்யவில்லை. செய்கிற மாதிரி இருந்தோம். மகேந்திரன் தட்டாத கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். அசருக்குப் பிறகு சபியா குடையை மடக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று, "பால் இழுக்கான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாளும் வந்து அதையே சொன்னாள்.

அதற்குள் மகேந்திரன் புது அட்டை அடிக்கச் செய்திருந்தார். அதில் ஒரு கேள்வி கூடியிருந்தது. இந்தத் தாய்க்கு இது எத்தனையாவது பிள்ளை? கொம்பியூட்டரிலும் அதைச் சேர்த்து எழுதினார். இனி பழைய நாலோடு இதுவும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே பிள்ளை. இறந்தவர்களை மட்டும் எழுதி வந்த அட்டையில், இருக்கிறவர்களையும் எழுதச் செய்தார்.

நாற்பது கழிந்த பிறகு அந்த வீட்டு அட்டை வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

"தாய் ஆசியா உம்மா. பிள்ளை மீரா முகைதீன். ஆறாவது. உயிரோடு."

பின்னால் தட்டுகிற சத்தம் வரவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துத் திரும்பவும் வாசித்தேன். "கேட்டது ராத்தா" என்றார் மகேந்திரன். அன்றைக்குத்தான் முதல் தரமாக நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குப் பாடம் சொல்ல வரவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. அந்த ஒரு வரியை எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு பிள்ளை இரண்டு தரம் இறந்துபோகும். ஆனால் அது எத்தனையைத் தள்ளியது, எதைத் தள்ளியது என்று ஒருதரம் கேளுங்கள். கூடுதலாக வந்த வரியைக் கண்டதும் யாரையும் கள்ளன் என்று சொல்லாதீர்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே போய் இருங்கள்.

இனி உங்களிடம் ஓர் உதவி. பிறகு வந்த பிரச்சினைக் காலத்தில் அந்தக் கந்தோரும் போய், அட்டைகளும் போய்விட்டன. ஆசியா உம்மாவும் இப்போது இல்லை. நான் எழுதியதில் பிழைகள் இருக்கும். சூறாவளிக்கு முந்திய வருசமா, அந்த வருசமே தானா என்று எனக்கு நிச்சயமில்லை. பூனைக் கண் இரண்டாவது பிள்ளைக்கா மூன்றாவது பிள்ளைக்கா என்பதிலும் இப்போது சந்தேகம் வருகிறது. சபியா இருக்கிறாள். நடக்க ஏலாது, ஆனால் வாய் அப்படியேதான். யாராவது போய் அவளிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துத் திருத்துங்கள்.

முக்கியமாக ஒன்று. ஐந்து பிள்ளைகளின் அடையாளத்தையும் அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். நாலுதான் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது பிள்ளையின் அடையாளம் எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சபியாவுக்கும் அந்தத் தாய் சொல்லியிருப்பாள், அவளிடம் கேட்டு இந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.